சுவரில் குறை ஏதும் காணப்படவில்லை

உலகத்திலேயே மிகவும் எளிதான வேலை சுவருடையது. சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, பதவி உயர்வு கிடையாது. ஆகவே பொறாமைப்படவும் ஆள் கிடையாது. அந்த ஐந்து மாடி வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் அப்படியொரு சுவர் பல வருடங்களாக யார் வாயிலும் விழாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கேண்டீனின் சமையலறை. அந்தப் பக்கம் குழந்தைகள் காப்பகம்.

அது சாதாரணச் சுவர் அல்ல, தீத்தடுப்புச் சுவர். சமையலறையில் தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை தீயையும் புகையையும் சமையலறைப் பக்கமே நிறுத்திவைப்பதற்காகக் கட்டியது. குழாயும் மின்கம்பியும் அதைத் துளைத்துக்கொண்டு போகிற இடங்களில் எரியாத பஞ்சை அடைத்து, சூடு பட்டால் உப்பி இடுக்கை மூடிக்கொள்ளும் பசையைப் பூசியிருந்தார்கள். இப்படி மணி அடிக்காமல், தண்ணீர் பீய்ச்சாமல், இருந்த இடத்தில் இருந்தபடியே காப்பாற்றுகிற ஏற்பாடுகளுக்கெல்லாம் அரசாங்கம் 'செயலற்ற தீப்பாதுகாப்பு' என்று பெயர் சூட்டியிருந்தது. அதைக் கவனிப்பதற்கென்றே செயலற்ற தீப்பாதுகாப்பு இயக்ககம் என்று ஓர் அலுவலகமும் இருந்தது. வைத்த பெயருக்கு எந்தக் குறையும் நேராமல்தான் அந்த அலுவலகம் நடந்துவந்தது.

வளாகத்தின் மேலாளருக்கு அந்தச் சுவர்மேல் தனிப் பாசம் உண்டு. காப்பகத்தை நடத்துவது அவருடைய ஒரே தங்கை. இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு அவள் ஆசைஆசையாகத் தொடங்கியது அது. வளாகத்து அலுவலகங்களில் வேலை பார்க்கிற தாய்மார்களும் தந்தைமார்களும் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போய், மாலையில் அள்ளிக்கொண்டு போவார்கள். தீப்பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால்தான் காப்பகத்துக்கு உரிமம். வருடந்தோறும் யாராவது ஓர் அதிகாரி வருவார், தேநீர் குடிப்பார், சுவரை ஒரு பார்வை பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். சுவரும் அவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொண்டதில்லை.

அந்த வருடம் இயக்ககத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இனி எந்த ஆய்வாளரும் கண்ணால் காணாத எதற்கும் சான்றளிக்கலாகாது' என்றது அது. படித்துவிட்டு மேலாளர் மகிழ்ந்தே போனார். "நாட்டுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சும்மா" என்று தங்கையிடம் சொன்னார். பாவம், அவருக்கு அப்போது தெரியவில்லை.

புதிய ஆய்வாளர் ஒல்லியான மனிதர். நீண்ட மூக்கு. எதைக் கண்டாலும் விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் பேசுவார். மேசை, கதவு, தண்ணீர்த் தொட்டி, ஒருமுறை ஞாபகமில்லாமல் மேலாளரின் தோள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வந்த அன்றே வளாகத்தில் அவருக்கு மரங்கொத்தி என்று பெயர் விழுந்துவிட்டது.

முதலில் கேண்டீனிலிருந்து நடைவழிக்குத் திறக்கும் தீத்தடுப்புக் கதவுக்கு வந்தார். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு அது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகவர வசதியாக, கேண்டீன்காரர் அதைத் திறந்துவைத்து, ஒரு சிவப்புத் தீயணைப்பானை முட்டுக் கொடுத்திருந்தார்.

"தீயணைப்பான் எங்க?" என்றார் மரங்கொத்தி.

"இதோ... கதவுகிட்ட, சார்."

மரங்கொத்தி குனிந்து அதைத் தட்டினார். அழுத்தம் சரி. தேதி சரி. கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. திருப்தியோடு குறித்துக்கொண்டார்.

"கதவு?"

"அதுவும் இருக்கு, சார்."

"'எப்போதும் மூடியே வைக்கவும்'னு பலகை மாட்டணுமே?"

"கதவோட உள்பக்கம் மாட்டியிருக்கோம். கதவை மூடினா நடைவழியில நிக்கறவங்களுக்குத் தெரியாது. திறந்து வெச்சா நல்லாத் தெரியும்."

மரங்கொத்தி யோசித்தார். கதவை மூடிப் பார்த்தார், பலகை மறைந்தது. திறந்து பார்த்தார், பலகை தெரிந்தது. "அறிவிப்புப் பலகை எல்லா நேரமும் பார்வையில இருக்கணும். அதனால கதவைத் திறந்தே வைங்க" என்று உத்தரவிட்டார்.

சிரிக்காதீர்கள். உங்கள் அலுவலகத்துத் தீத்தடுப்புக் கதவை எதை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

பிறகு சுவருக்கு வந்தார்கள். மரங்கொத்தி தட்டினார்.

"குழாய் போற இடத்துல உள்ள என்ன இருக்கு?"

"எரியாத பஞ்சு, சார். மேல பசை."

"நீங்க பாத்தீங்களா?"

"சுவருக்குள்ள எப்படி சார் பாக்கறது?"

"பாக்காமலே இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் பிரச்சினையே, அந்த மனிதர் கேட்ட ஒவ்வொரு கேள்வியிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. டிரில்லிங் மெஷின் வந்தது. குழாய்க்குப் பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டார்கள். மரங்கொத்தி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பஞ்சு, வைத்தது வைத்தபடி, கட்டிய அன்று போலவே இருந்தது.

"அருமை! ஒரு குறையும் இல்ல" என்றார். மேலாளருக்கு உயிர் வந்தது. மரங்கொத்தி இரண்டடி பின்னால் வந்து சுவரை முழுதாகப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இதென்ன, தீத்தடுப்புச் சுவர்ல இவ்ளோ பெரிய ஓட்டை?"

"சார், இது இப்ப நீங்க..."

"யார் போட்டாங்கங்கறது என் பகுதியில வராது. ஓட்டை இருக்கா, இல்லையா?"

"இருக்கு, சார்."

"மாசக் கடைசிக்குள்ள அடைங்க. இல்லன்னா சான்றிதழ் கிடைக்காது, காப்பகத்தை மூட வேண்டியதுதான்."

மறுநாளே மேலாளர் நல்ல ஆட்களை வைத்து, பஞ்சு திணித்து, பசை பூசி, துளையை அடைத்தார். மரங்கொத்தி வந்து தட்டினார். "நல்லா அடைச்சிருக்கீங்க. உள்ள முழுக்கப் பஞ்சு போயிருக்கா?"

மேலாளருக்கு அந்தக் குரலின் தொனியே பிடிக்கவில்லை. "போயிருக்கு, சார். நான் என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணுக்கு அதிகாரம் இல்லையே" என்றார் மரங்கொத்தி, உண்மையான வருத்தத்தோடு.

அடைத்த துளையைப் பக்கவாட்டில் பார்ப்பதற்காக, அதன் அருகில் இன்னொரு துளை. அதை அடைத்ததும், அதைப் பார்ப்பதற்கு மற்றொன்று. சில வாரங்களில் சுவர் சல்லடையாகிவிட்டது. ஒரு துளையை அடைக்கிற ஆட்களும் அடுத்ததைப் போடுகிற ஆட்களும் தோளோடு தோள் உரச வேலை செய்தார்கள். ஓய்வு நேரத்தில் ஒருவருக்கொருவர் பீடி கொடுத்துக்கொள்ள, தாங்களே போட்ட துளைகளைப் பயன்படுத்தினார்கள். மாதக் கடைசி வந்தது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது ஆய்வின் முடிவைக் கேட்பது மரபல்ல என்று சொல்லி, மரங்கொத்தி கெடுவைத் தாமே நீட்டித்துக் கொடுத்தார்.

குழந்தைகளுக்குத்தான் கொண்டாட்டம். ஒவ்வொரு துளையிலும் ஒரு கண் தெரியும். கேண்டீன்காரர் இந்தப் பக்கமிருந்து ஒரு பன்னை நீட்டுவார். அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் கை வந்து பிடுங்கிக்கொள்ளும். எந்தத் துளையிலிருந்து கை வரும் என்று கண்டுபிடிப்பதே அவருக்குப் பொழுதுபோக்காகி, கல்லாவைக் கவனிக்கவும் மறந்தார்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. அண்ணனின் அறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, சுவர் நல்லா இருந்துச்சா இல்லையா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"அது நல்லா இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ ஓட்டையா?"

"அதாவது... கண்டுபிடிச்சாச்சு. ஆனா கண்டுபிடிச்சதால இப்ப நல்லா இல்ல."

"நீ பேசறது உனக்கே புரியுதா?"

புரியவில்லை. ஆனால் சான்றிதழ் இல்லையென்றால் காப்பகம் இல்லை என்பது புரிந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ. காகிதம் கைக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று மென்று விழுங்கினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு பெட்டி பசையில் ஒப்பேற்றியிருக்கலாம். விதி, உள்ளலங்கார ஆலோசகர் உருவத்தில் வந்தது. கட்டட உரிமையாளர்கள் அனுப்பிய அம்மையார் அவர். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி. சாதாரணமாக எதையும் பார்க்கமாட்டார், 'உணர்வார்'. மூன்றாம் மாடிக்கு வந்தவர், சல்லடைச் சுவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"யார் பண்ணது இது?"

மேலாளர் மன்னிப்புக் கேட்கத் தயாரானார்.

"இந்தச் சுவர் மூச்சு விடுது!" என்றார் அம்மையார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. உண்மையில் கேண்டீனில் வெங்காயம் வறுத்துக்கொண்டிருந்தார்கள். "சுவர்ங்கறது ஒரு பழைய மனநிலை, மேனேஜர். மூடின மனசு. இப்பல்லாம் உலகம் முழுக்க வெளிப்படையான அலுவலகம்தான். இங்க பாருங்க, சமையல் குழந்தைகளோட பேசுது. குழந்தைங்க சமையலோட பேசறாங்க."

"பன்னு கேக்கறாங்க, மேடம்."

"அதேதான்! அதுதான் உரையாடல்."

அவர் எடுத்த புகைப்படங்கள் ஒரு பளபளப்பான பத்திரிகையில் வந்தன. அவ்வளவுதான், வளாகத்தில் தீப்பிடித்துக்கொண்டது; நெருப்பு அல்ல, நாகரிகம். முதல் ஆளாக வந்தவர்கள் ஐந்தாம் மாடிக் காப்பீட்டு நிறுவனத்தார். தீ விபத்துக் காப்பீடு விற்பவர்கள். "எங்களுக்கு மட்டும் ஏன் ஆய்வு நடத்தல? நாங்க என்ன வாடகை குடுக்கலையா?" என்று மேலாளரைப் பிடித்து உலுக்கினார்கள். அடுத்து பல் மருத்துவர் வந்தார். காத்திருக்கும் நோயாளிகள், உள்ளே இருப்பவர் படும் பாட்டைத் துளை வழியாகப் பார்த்தால் நம்பிக்கை வளருமாம். தணிக்கையாளர்களும் கேட்டார்கள். அவர்களுக்கு மட்டும் பிறர் அறையைப் பார்க்கும்படியான துளை வேண்டும், தங்கள் அறையைப் பிறர் பார்க்கும்படியானது வேண்டாம். மரங்கொத்தி யாரையும் ஏமாற்றவில்லை. சுவர்கள் தீர்ந்ததும் கூரைகளுக்குப் போனார். கேண்டீன் கூரையில் போட்ட துளைகள் வழியாக நான்காம் மாடிக்காரர்கள் என்ன பலகாரம் தயாராகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கி வந்தார்கள்.

பெற்றோர்களுக்கோ சொல்ல முடியாத ஆனந்தம். கேண்டீனில் தேநீரோடு உட்கார்ந்து, துளைகள் வழியாகத் தங்கள் பிள்ளை தூங்குவதை, அழுவதை, அடுத்த பிள்ளையைக் கடிப்பதைக் கண்குளிரப் பார்த்தார்கள். "எங்க பொண்ணு எவ்ளோ அழகா கடிக்கறா பாருங்க" என்றார் ஒரு தந்தை.

கடைசியில் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அவற்றின் நடுவே அங்கங்கே கொஞ்சம் சுவர் மட்டும் மிஞ்சியது. மரங்கொத்தி அதைத் தட்டினார். அது கையோடு வந்தது. "இது ஆய்வுக்கு இடைஞ்சலா இருக்கு" என்றார். அதையும் அகற்றினார்கள். தூசி அடங்கியது. கேண்டீன்காரரும் குழந்தைகளும் ஒரே அறையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மரங்கொத்தி நெடுநேரம் தேடினார். தட்டுவதற்கு எதுவும் இல்லை. அவர் முகத்தில் மேலாளர் அதுவரை காணாத ஒரு சாந்தி படர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்: 'மூன்றாம் மாடித் தீத்தடுப்புச் சுவர் முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது. சுவரில் குறை ஏதும் காணப்படவில்லை.'

இயக்ககத்தின் வரலாற்றில் முழு மதிப்பெண் வாங்கிய முதல் சுவர் அதுதான். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது விதி. சுவர் இல்லாததால் கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். காற்றடித்தால் சுற்றும். குழந்தைகள் அதைப் பிடிக்கத் தாவுவார்கள்.

மேலாளர் பெருமையோடு தங்கையைக் கூட்டி வந்து காட்டினார். அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி எண்ணெய்ச் சட்டி புகைந்துகொண்டிருந்தது.

"வந்துடுச்சு பாத்தியா? முழு மார்க்கு!"

"நல்லாருக்கு. அடுப்பு திடீர்னு பத்திக்கிட்டா இந்தக் காகிதத்தை வெச்சு விசிறிக்கவா, அண்ணா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு சான்றிதழ் வேணாம். சுவர் வேணும். அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் நடக்கத் தெரியாத குழந்தைங்க. நடுவுல ஒரு கயிறும் ஒரு சட்டமும்! வர்ற திங்கக்கிழமைக்குள்ள சுவர் வரலன்னா நானே காப்பகத்தைப் பூட்டிட்டு சாவியை உன் மேசையில வெச்சிட்டுப் போயிடுவேன். அவங்க மூடறதுக்கு நான் மூடறது மேல்."

அந்த இருமுகிற குழந்தை மேலாளரையே பார்த்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் எதைக் காப்பாற்ற ஓடினோம் என்பதையே மறந்துவிட்டோமே என்று நினைத்தார். காகிதத்துக்காகச் சுவரைத் தின்னக் கொடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான்.

அந்தச் சனி ஞாயிறில் சுவர் எழுந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் பஞ்சு திணிப்பதை அவரே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். பசையைத் தாமே பூசினார். நடைவழிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த தீயணைப்பானை எடுத்துவிட்டு, விட்டால் பட்டென்று மூடிக்கொள்கிற புது டோர் குளோசரைப் பொருத்தினார். பலகையையும் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினார். எல்லாம் முடிந்ததும் அவரைக் கிலி பிடித்துக்கொண்டது. சுவர் இருந்தால் மரங்கொத்தி வருவார். வந்தால் தட்டுவார். தட்டினால் துளைப்பார்.

விதிமுறைத் தொகுப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்கு ஆய்வு உண்டு. தடுப்புக்கு ஆய்வு உண்டு. கண்ணாடிக்கு, மரப்பலகைக்கு, அட்டைக்குக்கூட ஆய்வு உண்டு. திரைச்சீலைக்கு மட்டும் இல்லை. அது துணி சம்பந்தப்பட்டது, இயக்ககத்தின் வரம்புக்குள் வராது. மேலாளர் பேனாவை எடுத்து, இயக்ககத்துக்குப் பணிவுடன் தெரியப்படுத்தினார்: 'மூன்றாம் மாடியில் கனமான திரைச்சீலை ஒன்று தொங்கவிடப்பட்டுள்ளது.'

மரங்கொத்தி வந்தார். திரைச்சீலையின் முன் நின்றார். தட்டினார். விரல் வலித்தது போலிருக்கிறது, உதறிக்கொண்டார்.

"இதுதான் திரைச்சீலையா?"

"ஆமா, சார்."

"கனமாத்தான் இருக்கு."

"நல்ல துணி, சார்."

"அசையவே இல்லையே?"

"காத்து இல்ல, சார்."

மரங்கொத்தி கன்னத்தை அதன்மேல் ஒட்டிவைத்துப் பார்த்தார். "உள்ள ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"துணிக்குள்ள என்ன சார் இருக்கும்? பஞ்சுதான்."

அவர் முகம் தெளிந்தது. பஞ்சும் துணியும் தம் பகுதியில் வராது என்பதில் அவருக்கு எப்போதுமே ஐயமில்லை. திரைச்சீலைகளைக் கவனிக்கிற பிரிவுக்குக் கோப்பை அனுப்பிவைத்தார். வருடம் ஒருமுறை துவைக்க வேண்டும், சாயம் போகக் கூடாது என்பது மட்டும்தான் அங்கே விதி. அதற்கென்று அதிகாரி ஒருவர் வந்தார். துப்புரவுப் பணியாளர்கள் குழாய் வைத்துத் திரைச்சீலையைக் கழுவினார்கள். அவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சுருங்கல, சாயமும் போகல. எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார்.

தங்கை அன்று வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. மேலாளருக்கும் மனசு நிறைந்தது.

பிறகு ஒரு மதியம், கேண்டீன்காரர் தொலைபேசியில் மைத்துனரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அவர் சண்டையை முடித்துவிட்டுத் திரும்பியபோது அடுப்புமேடை முழுக்க நெருப்பு. தொலைபேசியை எறிந்துவிட்டு ஓடினார். அவர் வெளியே வந்ததும் கதவு பட்டென்று மூடிக்கொண்டது.

புகை வழி தேடியது. கூரையில் ஆய்வு முடிந்த துளைகள் வரிசையாகக் காத்திருந்தன. நான்காம் மாடி நிறைந்து, ஐந்தாம் மாடிக்கும் ஏறியது. தீ விபத்துக் காப்பீட்டுக்காரர்கள் அடுப்புக்கரி நிறத்தில் படியிறங்கி வந்தார்கள். பல் மருத்துவரின் நோயாளி ஒருவர் வாயை மூடவும் மறந்து ஓடிவந்தார். இருமி, தும்மி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, எல்லோரும் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மேலாளர் யாரையும் பார்க்கவில்லை. காப்பகத்துப் பக்கத்துப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது தங்கை வந்தாள். பின்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் கொட்டாவி விட்டபடி, குழந்தைகள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒரு குழந்தைகூட இருமவில்லை. காப்பகத்துக்குள் ஒரு துளி புகை நுழையவில்லை. திரைச்சீலை நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

மேலாளர் நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். தங்கை அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். "விடுண்ணா, எல்லாரும் வந்தாச்சு" என்றாள். அவளும் அழுதாள்.

விசாரணைக் குழு கூடியது. மேலாளர் ஒரு முடிவோடு போயிருந்தார். வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது.

"ஐயா, அது திரைச்சீலை இல்ல. சுவர். முறையா கட்டின தீத்தடுப்புச் சுவர். யாரும் ஓட்டை போடாததால நின்னுச்சு. இதை மத்த கட்டடங்களுக்கும் சொல்லணும்."

குழுத் தலைவர் கோப்பைப் புரட்டினார். "பதிவுல திரைச்சீலைன்னு இருக்கே?"

"நான் பொய்யா எழுதினேன், ஐயா. நேர்ல வந்து தொட்டுப் பாருங்க."

"துவைச்சதுக்கு சான்று இருக்கு. சுருங்கலன்னும் எழுதியிருக்கு. சுவரை யாராவது துவைப்பாங்களா?"

"எங்க கட்டடத்துல துவைச்சோம், ஐயா."

தலைவர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். ஒருவர் தம் நெற்றியருகே விரலைச் சுழற்றிக் காட்டினார். "புகை உள்ள போயிருக்கும்போல" என்று தலைவர் பரிவோடு சொல்லி, மேலாளருக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அறிக்கை வெளிவந்தது. 'மேற்படி வளாகத்தில் குழந்தைகளைக் காப்பாற்றியது திரைச்சீலையே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆகவே அனைத்து வணிகக் கட்டடங்களிலும் தீத்தடுப்புச் சுவர்களை உடனடியாக அகற்றிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகத் திரைச்சீலைகளைத் தொங்கவிட வேண்டும்' என்றது அது. மரங்கொத்தி தலைமை ஆய்வாளரானார். உள்ளலங்கார அம்மையார், துணி என்பது புதிய மனநிலை என்று எழுதினார். ஊரெல்லாம் சுவர்கள் இடிபட்டு, பூப்போட்ட துணிகள் தொங்கின. மேலாளர் கட்டடம் கட்டடமாகப் போய்க் கெஞ்சினார். "உங்க கட்டடத்துல இருக்கு, எங்களுக்கு மட்டும் கூடாதா?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஊரைத் திருத்த முடியாமல் ஓய்ந்துபோய் ஒரு நாள் காப்பகத்துக்கு வந்தார். உலகத்தில் தமக்கென்று மிஞ்சியது இந்த ஒரு சுவரும், அதன் அருமை தெரிந்த இந்த ஒருத்தியும்தான் என்று தோன்றியது. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீன் மறுபடி திறந்து, தட்டுகளின் சத்தம் மெல்லக் கேட்டது. தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"அண்ணா, கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அம்மா அப்பாங்க எல்லாரும் சேந்து வந்து பேசினாங்க. முன்னாடின்னா டீ குடிச்சிக்கிட்டே பிள்ளைங்களைப் பாப்பாங்க இல்ல? இப்ப முகத்தைக்கூடப் பாக்க முடியலையாம். நாலு பேர் பிள்ளைங்களை வேற காப்பகத்துல சேத்துட்டாங்க. அங்க பூப்போட்ட திரை போட்டு நல்லா காத்தோட்டமா இருக்காம். எனக்கும் பகல்லயே விளக்குப் போட வேண்டியிருக்கு."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"இடிக்கச் சொல்லலண்ணா. சுவர் சுவராவே இருக்கட்டும். நடுவுல ஒண்ணே ஒண்ணு, ரொம்பச் சின்னதா..." அவள் இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினாள். பிறகு சற்று யோசித்து, இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

தூக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலாளர் எழுந்தார். சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது.

"கண்ணாடி போட்டா, இல்ல அப்படியேவா?" என்று கேட்டார்.